ஆயிரம் வாட்ஸ் உங்களுக்கு எதுக்கு? காரிலும் படகிலும் சவுண்ட் சிஸ்டம் போடுறவங்களுக்கு ஒரு நீண்ட த்ரெட்

1/ கார்ல புதுசா சவுண்ட் சிஸ்டம் போடப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த த்ரெட்டை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க. நீளம்தான். ஆனா உங்க காசு, உங்க வண்டி, பின் சீட்ல உட்கார்ற உங்க பிள்ளையோட காது, மூணும் இதுல இருக்கு.

2/ நான் பாட்டுக்கு எதிரி இல்ல. பாட்டு இல்லாம எனக்கும் வண்டி ஓட்ட வராது. என் சண்டை, சத்தத்தை விக்கிற வியாபாரத்தோட. நம்ம ஊர்ல கார் ஆடியோ விக்கிறதே ஒரு நம்பரை வச்சுதான்: வாட்ஸ். அந்த நம்பர் பெரும்பாலும் பொய். உண்மையா இருந்தாலும் உங்களுக்குத் தேவையில்லாதது. அதுக்குக் கொடுத்த காசை ஈடுகட்ட வெட்டப்படுறது உங்க பாதுகாப்பு. மொத்த த்ரெட்டும் இவ்வளவுதான்.

3/ "டாக்டருக்கு கார் ஆடியோ பத்தி என்ன தெரியும்?" என்று கமெண்ட் வரும். நியாயமான கேள்வி. நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ். காது ஸ்பெஷலிஸ்ட் கூட இல்லை. ஆனா "காதுக்குள்ள குய்ங்னு ஒரே இரைச்சல் டாக்டர், ராத்திரி தூக்கம் வரல" என்று ஓபி-யில் வந்து உட்காருவது முதலில் என் முன்னாடிதான். வேன் ஓட்டுறவங்க, டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவங்க. வயசு முப்பதைத் தாண்டியிருக்காது. காது டாக்டரிடம் அனுப்பி ஆடியோகிராம் எடுத்தால், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். அதிக சத்தத்தால் அடிபட்ட காதின் கையெழுத்து அது.

4/ அந்தப் பள்ளம் என்ன? நம்ம உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு, காக்லியா. அதுக்குள்ள ஒரு காதுக்கு சுமார் 15,000 முடி செல்கள். பிறக்கும்போது வந்த ஸ்டாக் அவ்வளவுதான். கோழிக்கு இந்த செல் செத்தா திரும்ப முளைக்கும். மனுஷனுக்கு முளைக்காது. இதுக்கு மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை. மிஷின் மாட்டலாம். அது மிச்சமிருக்கிற கேட்கும் திறனை வச்சு சமாளிக்கிறது, போனதைத் திருப்பிக் கொடுக்கிறது இல்லை.

5/ இப்ப வாட்ஸ் கதைக்கு வருவோம். பெட்டியில் பெருசா "1500 வாட்ஸ்" என்று போட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, அதில் சொருகியிருக்கிற ஃபியூஸைப் பாருங்க. 30 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது கார் கொடுப்பது சுமார் 14 வோல்ட். 30 × 14 = 420 வாட்ஸ். இது உள்ளே போகிற மின்சாரம். ஏபி வகை ஆம்பில் இதில் அறுபது சதவீதம் ஸ்பீக்கருக்குப் போனாலே பெரிய விஷயம், மிச்சம் சூடாகப் போகும். ஆக 250 வாட்ஸ். மீதி 1250 வாட்ஸ் எங்கே? அட்டைப் பெட்டியில் மட்டும்தான் இருக்கு.

6/ ஸ்டீரியோவும் அப்படித்தான். முகப்பில் "50 வாட்ஸ் × 4" என்று இருக்கும். பின்னாடி 10 ஆம்பியர் ஃபியூஸ். உள்ளே 140 வாட்ஸ் போய் வெளியே 200 வாட்ஸ் வருதுன்னா, அதுக்கு நோபல் பரிசு கொடுக்கணும். உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்ஸ் தொடர்ந்து வந்தால் அது நல்ல ஸ்டீரியோ.

7/ அப்ப எந்த நம்பரைப் பார்க்கணும்? ஆர்எம்எஸ். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. "மேக்ஸ்", "பீக்", "பிஎம்பிஓ" மூணையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போங்க. "சிடிஏ-2006" என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. அது ஒரு அளவீட்டு முறை: 14.4 வோல்ட், 4 ஓம், சத்தம் சிதைவது 1 சதவீதத்துக்குள். எல்லாரும் ஒரே தராசில் நிறுக்க வேண்டிய கட்டாயம். பொய் சொல்ல இடம் குறைவு.

8/ சரி, ஒருத்தர் உண்மையாவே ஆயிரம் வாட்ஸ் ஆர்எம்எஸ் கொடுக்கிறார்னு வைங்க. வேணுமா? ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று சின்ன எழுத்தில் இருக்கும். உதாரணத்துக்கு 90 டெசிபல். அர்த்தம் என்ன? ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் கேட்கும். கார்ல ஸ்பீக்கருக்கும் உங்க காதுக்கும் இடையில் தூரம் கிட்டத்தட்ட அந்த ஒரு மீட்டர்தான். ஒரு வாட்டுக்கே 90!

9/ வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காது அதைக் "கொஞ்சம் கூடியிருக்கு" என்றுதான் சொல்லும். சத்தம் இரண்டு மடங்காக இருப்பதுபோல் தோணணும்னா வாட்ஸ் பத்து மடங்கு ஆகணும். அதனால 500-க்குப் பதில் 1000 வாங்கினவருக்குக் கிடைக்கிற சுகம் ரொம்பக் கொஞ்சம். கடைக்காரருக்குக் கிடைக்கிற லாபம் ரொம்ப அதிகம்.

10/ ஆடியோ தெரிஞ்ச நண்பர்கள் இங்க குறுக்கிடுவாங்க. "ஹெட்ரூம் வேணுமே டாக்டர், டிரம் அடிக்கிற அந்தக் கணத்துக்கு சக்தி தேவைப்படுமே?" உண்மைதான். சக்தி பத்தாத ஆம்பை முறுக்கினால் ஒலி சிதையும், ட்வீட்டர் கருகும். அதுக்கு ஒரு சேனலுக்கு 50 முதல் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். சாதாரண ஹேட்ச்பேக் காருக்கு அதுக்கு மேல ஹெட்ரூம் என்பது நொண்டிச் சாக்கு.

11/ இந்தக் கணக்கைப் போன்ல சேவ் பண்ணிக்கோங்க. வேலை இடத்துச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் வச்ச ஒரு நாள் வரம்பு:
85 டெசிபல்: 8 மணி நேரம்
88: 4 மணி நேரம்
91: 2 மணி நேரம்
94: 1 மணி நேரம்
97: 30 நிமிஷம்
100: 15 நிமிஷம்
பாட்டு கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இன்னும் கறார்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75. நீங்க பாட்டை ரசிக்கிறீங்களா, வெறுக்கிறீங்களா என்று முடி செல்லுக்குத் தெரியாது. அதுக்கு எல்லாமே அழுத்தம்தான்.

12/ மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை. ராத்திரி பைபாஸ்ல வந்து வண்டியை நிறுத்துறீங்க. காலையில் ஸ்டார்ட் பண்ணதும் பாட்டு வெடிச்சு உங்களையே தூக்கிவாரிப் போடுதா? அதே வால்யூம்தான். நேத்து டயர், காற்று, எஞ்சின் சத்தத்தை ஜெயிக்க நீங்க ஏத்தி ஏத்தி வச்சது. இறங்கின பிறகு காது அடைச்ச மாதிரி இருந்தாலோ, குய்ங்னு கேட்டாலோ, அன்னிக்கு வரம்பைத் தாண்டிட்டீங்க. மறுநாள் சரியாகிடும். தினமும் நடந்தா ஒருநாள் சரியாகாது.

13/ அப்ப தீர்வு? சத்தத்தை ஏத்துறது இல்ல, இரைச்சலை இறக்குறது. கதவின் உள்பக்கத் தகட்டில் ஒட்டும் பியூட்டைல் டாம்பிங் ஷீட் கேள்விப்பட்டிருப்பீங்க. அதை முன் கதவு இரண்டுக்கும் ஒட்டினால் தகடு அதிர்வது குறையும், ரோடு சத்தம் கொஞ்சம் அடங்கும், ஸ்பீக்கரில் பேஸ் கெட்டியாக வரும். குறைந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். மொத்த பட்ஜெட்டில் இதைவிட உருப்படியான செலவு கிடையாது. ஆனா டிஸ்பிளேயில் வச்சுக் காட்ட முடியாத பொருள். அதனால கடையில் யாரும் முதலில் இதைச் சொல்ல மாட்டாங்க.

14/ என் வரிசை இதுதான். முதல்ல நல்ல முன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அப்புறம் முன் கதவு டாம்பிங். அப்புறம் நல்ல வயர், ஃபியூஸ், நல்ல ஃபிட்டிங். அதுக்கப்புறமும் ஆசை இருந்தா சின்ன ஆம்ப். கடைசியா, கடைசியா மட்டும், சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன சப்-ஊஃபர். நம்ம ஆட்கள் இதைத் தலைகீழாப் போடுறாங்க. டிக்கி நிறைய பெட்டி, கதவுல கம்பெனி கொடுத்த காகித ஸ்பீக்கர்.

15/ "பேஸ் இல்லாம என்ன பாட்டு?" சரி, இளையராஜா பாட்டையே எடுத்துக்கோங்க. கீழே பேஸ் கிட்டார் தனியா ஒரு பாட்டு பாடிக்கிட்டே ஓடும். ஒவ்வொரு சுரமும் வேற வேற. மலிவான பெட்டியில் எல்லாமே ஒரே "டும்... டும்..." தான். நீங்க காசு கொடுத்து வாங்கினது பேஸ் இல்ல, பேஸை மறைக்கிற அதிர்வு.

16/ இப்ப உயிர் விஷயம். ஆம்புக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒரு தடித்த வயர் வரும். அந்த வயரில், பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கணும். "ஆம்புலயே ஃபியூஸ் இருக்கு சார்" என்பாங்க. அது ஆம்பைக் காப்பாத்தும், வயரைக் காப்பாத்தாது. எஞ்சின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் தகட்டைத் துளைச்சு வயர் வரும் இடத்தில், ரப்பர் புஷ் போடலைன்னா தகட்டின் விளிம்பு இன்சுலேஷனைத் தினமும் அறுக்கும். ஒருநாள் செம்பு தகட்டைத் தொடும். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அப்படியே கொட்டும். அந்த வயர்தான் திரி. கார்பெட்தான் பஞ்சு.

17/ சில நூறு ரூபாய் ஃபியூஸ் ஹோல்டர், ஒரு ரப்பர் புஷ். ஆயிரக்கணக்கில் பில் போடுற கடை இதை விட்டுவிட்டால் அது மறதி இல்லை, அலட்சியம். தீக்காயத்தோட வர்றவரைப் பார்க்கிறது நாங்க. பில் போட்டவர் இல்லை.

18/ வயரிலும் ஏமாத்து உண்டு. "8 கேஜ்" என்று தடியாக இருக்கும். உரிச்சு ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்க. உள்ளேயும் சிவப்பா இருந்தா செம்பு. வெள்ளையா வந்தா அது செம்பு பூசின அலுமினியம். அதே தடிமனில் செம்பு அளவுக்கு மின்சாரம் தாங்காது, சூடேறும். கடைக்காரர் முன்னாடியே சுரண்டிப் பாருங்க. வெக்கப்படாதீங்க. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம்ல?

19/ ஃபிட்டிங்கில் பக்கத்துலயே நின்னு பார்க்க வேண்டியவை:
• கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தக் கூடாது. உங்க மாடலுக்கான கப்ளர் கிடைக்கும். வயரை வெட்டினால் வாரண்டிக்கும் சிக்கல்.
• பாடி எர்த் எடுக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் முறுக்கணும். எஞ்சின் ஏற ஏற ஸ்பீக்கரில் "ஙீ"ன்னு கேட்டால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்க.
• பின் சீட்டுக்குக் கீழே பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க். பார்க்காமல் டிரில் வைக்க விடாதீங்க.
• முன் கண்ணாடியோர பில்லரில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அங்கே ட்வீட்டர் வேண்டாம். ஏர்பேக் விரியும்போது அது உங்க முகத்துக்கு வரும்.
• மஞ்சள் கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போவது. எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு கேபிள் உயர் மின்னழுத்தம். இரண்டிலும் கை வைக்கக் கூடாது.

20/ டிக்கியில் சும்மா தூக்கி வச்ச சப்-ஊஃபர் பெட்டி பத்தி ஒரு கணக்கு. 20 கிலோ பெட்டி. வண்டி 50 கி.மீ. வேகத்தில் மோதி நிக்குது. வண்டி நிக்கும், பெட்டி நிக்காது. அது 50 கி.மீ. வேகத்தோடு முன்னாடி வரும். கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடியிலிருந்து, அதை ஒருத்தர் மேல போடுவதற்குச் சமம். பின் சீட்டில் யார் உட்காருவாங்க? போல்ட் போட்டு இறுக்குங்க, இல்லைன்னா பெட்டியே வேண்டாம்.

21/ பின் சீட் என்றதும் இன்னொன்னு. பின்பக்கத் தட்டில் வச்ச ஓவல் ஸ்பீக்கருக்கு அப்பா, அம்மாவைவிடப் பக்கத்தில் இருப்பது குழந்தையின் காது. முன்னாடி உங்களுக்கு "அளவா" கேட்கும்போது அங்கே அதைவிட அதிகம். ஆறு மாசக் குழந்தைக்கு "சவுண்டைக் குறைங்கப்பா" என்று சொல்லத் தெரியாது. அழும். அழுகை கேட்கக் கூடாதுன்னு இன்னும் ஏத்துறவங்களையும் பார்க்கிறோம். குழந்தை வண்டியில் இருந்தால் பின் ஸ்பீக்கரை ஸ்டீரியோ செட்டிங்கில் அணைச்சிடுங்க. காசு செலவே இல்லாத வைத்தியம்.

22/ அடுத்து 108. கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டு, சப்-ஊஃபர் அதிரும்போது பின்னாடி வர்ற சைரன் கேட்காது. தாழ்ந்த ஸ்தாயிச் சத்தம் அதைவிட உயர்ந்த ஸ்தாயிச் சத்தத்தை மூடிவிடும், காதின் அமைப்பே அப்படி. மாரடைப்போட வர்றவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டிருக்கு. "வழி விடல சார்" என்று ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சொல்லும்போது, வழி விடாதவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை.

23/ தனியார் பஸ், மினி பஸ், டூரிஸ்ட் வேன். தலைக்கு மேல ஸ்பீக்கர், நாள் முழுக்க. பயணி ஒரு மணி நேரத்தில் இறங்கிடுவார். டிரைவரும் கண்டக்டரும்? 94 டெசிபலில் முதல் ஒரு மணி நேரத்திலேயே அன்றைய வரம்பு முடிஞ்சுது. மிச்ச நாள் முழுக்கக் கடன். முதலாளிகளே, உங்க வண்டியை ஓட்டுற மனுஷனுக்கு நாற்பது வயசில் ஹார்ன் கேட்கலைன்னா நஷ்டம் உங்களுக்கும்தான். தகுதிச் சான்று கொடுக்கிற அதிகாரிகளுக்கும் ஒரு கோரிக்கை: பிரேக், டயரோடு சேர்த்து, பாட்டைப் போடச் சொல்லி ஒரு டெசிபல் மீட்டரையும் நீட்டுங்க.

24/ நான் வேலை பார்ப்பது கடலோர ஊர். படகிலும் இப்போ ஸ்பீக்கர். ஆட்கள் நாள்கணக்கில் கடலில் கிடக்கிறாங்க, பாட்டு வேணும், தப்பே இல்லை. ஆனா எஞ்சின் சத்தத்தை ஜெயிக்கப் பாட்டை ஏத்தினால் காதுக்கு இரண்டும் சேர்ந்து அடி. அதைவிட முக்கியம்: விஎச்எஃப் செட்டில் 16-ஆம் சேனல். ஆபத்துக் குரல் அதில்தான் வரும். பாட்டு ஸ்பீக்கரை அந்த செட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. பேசினால் கேட்கிற அளவுக்கு மேல் வால்யூமும் வேண்டாம்.

25/ ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கு. திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால் முள் பொய் சொல்லும். மாட்டும் முன் ஸ்பீக்கரைக் கையில் பிடிச்சு அந்த இடத்துக்குக் கொண்டு போங்க. முள் அசைஞ்சா அந்த இடம் வேண்டாம். "ஜிபிஎஸ் இருக்கே" என்பீங்க. பேட்டரி இறங்கினால் ஜிபிஎஸ்ஸும் இறங்கும், திசைகாட்டி இறங்காது. அதனாலதான் பாட்டுக்குத் தனி பேட்டரி வைக்கணும். எஞ்சின் ஸ்டார்ட், விளக்கு, விஎச்எஃப் எல்லாம் ஓடுற பேட்டரியில் ஆம்பை மாட்டுறது நடுக்கடலில் சூதாட்டம்.

26/ "வாட்டர்ப்ரூஃப்" என்ற ஸ்டிக்கரை நம்பி கார் ஸ்பீக்கரைப் படகில் போடாதீங்க. ஐபி67 என்று இருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணியில் செய்வது. உப்புக் காற்று வேற எதிரி. உப்புப் பனிச் சோதனை செஞ்ச மரைன் ஸ்பீக்கர், வெள்ளீயம் பூசின செப்பு வயர், துரு ஏறாத ஸ்டீல் ஸ்க்ரூ. செம்பு பூசின அலுமினிய வயர் கடலில் பொடியாகும். பெட்ரோல் கேன் வைக்கிற மூடின இடத்தில் ஆம்ப், சுவிட்ச், ரிலே எதுவும் கூடாது. ஒரு பொறி போதும்.

27/ கடைசி வாதம்: "காசு என்னோடது, காது என்னோடது, உங்களுக்கு என்ன?" காது உங்களோடது. ரோடு உங்களோடது இல்லை. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால், அங்கே ராத்திரி 40. பிரசவ வார்டு ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடும் அளவுக்கு ஒரு வண்டி போகும்போது, உள்ளே நாங்க குழந்தையோட இதயத் துடிப்பைக் கேட்க முயற்சி பண்ணிக்கிட்டிருப்போம்.

28/ ஆக, கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்:
ஆர்எம்எஸ் எவ்வளவு, அதுக்கு ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?
சென்சிட்டிவிட்டி எவ்வளவு?
வயர் முழு செம்பா?
பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் போடுவீங்களா, எங்கே?
என் மாடலுக்குக் கப்ளர் இருக்கா?
டாம்பிங்குக்கு எவ்வளவு?
இதுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ற கடை நல்ல கடை. அப்படிப்பட்டவங்களும் நிறைய இருக்காங்க. அவங்களுக்குக் கூலி பேரம் பேசாதீங்க. "அதெல்லாம் எதுக்கு சார், ஃபுல்லா வச்சுக் காட்டுறேன் பாருங்க" என்று வால்யூமைத் திருகினால், நன்றி சொல்லிட்டு வெளியே வந்துடுங்க.

29/ காதுல தொடர்ந்து இரைச்சல், கூட்டத்தில் பேச்சு புரியாம போறது, டிவி சத்தம் கூடிக்கிட்டே போறது. இதுல ஒண்ணு இருந்தாலும் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாங்க. வலி இல்லைன்னு தள்ளிப் போடாதீங்க, இந்த நோய் வலிக்காது. வண்டி ஓட்டுற உங்க நண்பருக்கு, குறிப்பா இந்த வாரம் ஆம்ப் வாங்கப் போறவருக்கு, இந்த த்ரெட்டை அனுப்புங்க.